புதுச்சேரியின் தனி நிலை

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் ஆகிய முன்னாள் பிரெஞ்சுப் பகுதிகள் ஒன்றாகவே இந்தியாவில் இணைந்தன. நிலத்தால் அவை ஒன்றல்ல. புதுச்சேரி நகரின் சாரம் பகுதிக்கும் கேரளக் கரையிலுள்ள மாஹேக்கும் ஒரே சட்டமன்றம். ஆந்திரத்துக்குள் இருக்கும் யானத்துக்குச் சாலைவழி 800 கி.மீ.க்கு மேல் போக வேண்டும்.

இந்த ஒட்டாத நிலப்பரப்பு கரைந்துவிடாமல் காத்தது ஓர் ஒப்பந்த வாசகம். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தனர். பொதுமக்களிடம் நேரடி வாக்கெடுப்பு நடக்கவில்லை. நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கை, இப்பகுதிகளின் தனி நிலையை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்தே செய்ய வேண்டும் என்றது. அது நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 வரை பிடித்தது. 1949இலேயே வாக்களித்து முந்திக்கொண்ட மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் 1954இல் மேற்கு வங்கத்தோடு சேர்க்கப்பட்டு, அம்மாநிலத்தின் ஊர்களில் ஒன்றாகிப் போனது.

வாசகம் மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. 1979 ஜனவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சை எடுத்ததும் போராட்டம் வெடித்தது; யோசனை கைவிடப்பட்டது. உடன்படிக்கையைக் காப்பாற்றியது அன்று தெருவில் இறங்கிய கூட்டம்தான் என்று சொல்லலாம்.

1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்டமன்றத்தில் 30 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மூவர் வரை ஒன்றிய அரசு நியமிக்கலாம். புதுச்சேரி அரசைக் கேட்காமலே செய்த நியமனத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2021 பிப்ரவரியில் முதல்வர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தபோது நியமன உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டா என்பதே அவையில் பெரும் சர்ச்சை. பணத்திலும் இரட்டை நிலைதான்: சரக்கு-சேவை வரிக்குப் புதுச்சேரி மாநிலமாகக் கருதப்படுகிறது, நிதிக் குழுவின் பங்கீட்டுக்கு மாநிலமல்ல. முழு மாநிலத் தகுதி கேட்டுச் சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டும் டெல்லி அசையவில்லை.

டெல்லியின் பழங்குடிப் பட்டியலுக்குக் காத்திருந்தவர்கள் புதுச்சேரிக்கு உள்ளேயும் இருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் புதுச்சேரியின் பட்டியல் பழங்குடி எண்ணிக்கை சுழியம். பழங்குடியினர் இல்லாமலில்லை, எந்தச் சமூகமும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. 2016 டிசம்பரில்தான், வில்லி, வேட்டைக்காரர் உள்ளிட்ட இருளர் அப்பட்டியலில் ஏறினர். காட்டுநாயக்கர், மலைக்குறவர், எருகுலா, குருமன்ஸ் அந்த அறிவிப்பில் இடம்பெறவில்லை.