கசகசா

கசகசா, அபின் இரண்டும் ஒரே செடி தருபவை. இரு பெயர்களும் அரபு வழியாக வந்தவை. 'கஷ்காஷ்' பாரசீகம், இந்தி தாண்டித் தஞ்சை வீட்டுக் குருமாவிலும் பாயசத்திலும் கசகசாவாகக் கரைந்தது. அபினுக்கு மூலம் கிரேக்க 'ஓப்பியோன்', அதாவது சாறு. அரபியில் அது 'அஃப்யூன்'. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால் உறைந்தால் அபின். வடமொழியார் இதை 'அஹிபேனம்' என்றார்கள், பாம்பின் நுரையாம்! வேற்றொலிக்குப் பின்னாளில் பூட்டிய பொருள் என்றே நினைக்கிறேன், அழகாக இருந்தாலும்.

1857, 1878 அபின் சட்டங்கள் அபினை அரசின் பிடிக்குள் வைத்தன, வருமானமும் அதற்கே. அவற்றின் இடத்துக்கு வந்த 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம், அறுவடைக்குப் பிந்தைய செடியின் பாகங்களைக் கட்டுப்படுத்தும்போது விதையை மட்டும் விலக்கியது. ஆகவே கும்பகோணம் மளிகைக் கடையில் கசகசா தாராளமாகக் கிடைக்கும். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்கே தடை. டெல்டாவிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டே பெட்டி கட்ட வேண்டும்.