சட்டையும் சகடமும்

1586ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதியில் அச்சுக்கூடம் நடத்தி வந்த தாமஸ் வோத்ரோலியே என்னும் பிரெஞ்சுக்காரர், தம்மைப் போலவே பிரான்சிலிருந்து வந்து குடியேறியிருந்த ழாக் பெலோ என்பவர் இயற்றிய சிறு புத்தகம் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். 'பழகு சம்பாஷணைகள்' என்று நாம் பெயரிட்டு அழைக்கத்தக்க அந்நூல், ஆங்கிலம் பேசவும் அதைச் செவ்வையாக உச்சரிக்கவும் விரும்பிய பிரெஞ்சுக்காரர்களுக்கென்றே எழுதப்பட்டது. நார்மண்டியிலுள்ள கான் நகரத்தவரான பெலோ, அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கில மொழியின் அமைப்பைப் பிரெஞ்சுக்காரருக்கு விளக்கும் நூல் ஒன்றை எழுதி, எலிசபெத் அரசியை மணந்துகொள்ள முயன்றுகொண்டிருந்த ஆஞ்ஜூ பிரபுவுக்கு அதைச் சமர்ப்பணம் செய்திருந்தார். முதல் நூல் ராஜகுமாரர் ஒருவரை நோக்கிப் பேசியது. இரண்டாவது நூலோ, கடைத்தெருவில் வாய் திறக்க வழியறியாமல் நிற்கும் அகதியை நோக்கிப் பேசியது. ஒரு பாஷையைப் பிறருக்குக் கற்பிக்கும் கலையின் சரித்திரத்தில் இந்த இரண்டாவது நூலுக்கு இருக்க வேண்டிய இடம் இன்னும் அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த அகதிகள் யார் என்பதை நினைவில் கொண்டால்தான் நூலின் அருமை விளங்கும். 1572ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் பாரிஸில் தொடங்கிப் பல நகரங்களுக்குப் பரவிய படுகொலையில் ஹ்யூகனாட்டுகள் எனப்படும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களில் பலர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தார்கள். லண்டனில் ஆறாம் எட்வர்ட் மன்னர் 1550இல் அளித்த சாசனத்தின்படி அந்நியப் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை ஏற்கனவே இருந்தது. ஆகையால் வந்தவர்களுக்குக் கோயில் இருந்தது, பிரெஞ்சில் பிரசங்கம் இருந்தது. ஆனால் கோயிலை விட்டுத் தெருவில் இறங்கினால் ஆங்கிலம்தான். நெசவு, தையல், தொப்பி செய்தல், பட்டு வேலை என்று அவர்களில் பெரும்பாலோர் அறிந்த தொழில்களெல்லாம் உடையைச் சார்ந்தவை. துணியின் பெயரும் அளவும் விலையும் அவர்களுக்கு அலங்காரச் சொற்களல்ல, ஜீவனோபாயம். தாம் அடைக்கலம் புகுந்த இடத்தின் மொழி புரியாமல் தவிப்பவனுடைய துயரம் எத்தகையது என்பதை அனுபவத்தால் அறிந்தவன் தான் என்று பெலோ தம் முன்னுரையில் சொல்லுகிறார். அவருடைய சம்பாஷணைகள் அறத்தையோ அரசியலையோ பற்றித் தொடங்காமல், விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்து உடுத்திக்கொள்ளும் ஒருவனிடத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் அதுதான். பிறகு பையன்கள் பள்ளிக்குப் போகிறார்கள்; கோழிக்கடை, பழக்கடை, ஜவுளிக்கடை, மீன்கடை, இறைச்சிக்கடை என்று பேச்சு கடை கடையாக நகருகிறது.

அந்தப் பக்கங்களில் மூன்று பத்திகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஒன்றில் ஆங்கிலம், ஒன்றில் பிரெஞ்சு, மற்றொன்றில் அதே ஆங்கில வாக்கியம், பிரெஞ்சுக்காரன் தன் பழக்கப்படி எழுத்துக் கூட்டி வாசித்தால் ஏறக்குறைய ஆங்கிலமாக ஒலிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. காலைக் காட்சியில், ஆயத்தமாகிவிட்டீரா என்று கேட்கப்பட்டவன், என் சட்டைக்குப் பதிலாகப் பெண்கள் அணியும் உள்ளங்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் நான் எப்படி ஆயத்தமாவேன் என்று சலித்துக்கொள்கிறான். கொடுத்தவள் மறந்துவிட்டதாகச் சொல்லிச் சரியானதை நீட்டுகிறாள். படிக்கிறவனுக்கு இது வீட்டுக்குள் நடக்கும் சாதாரணப் பேச்சாகத் தோன்றும். ஆனால் பிரெஞ்சில் ஆணின் சட்டைக்கும் பெண்ணின் உள்ளங்கிக்கும் ஷெமீஸ் என்ற ஒரே சொல் வழங்கி வந்தது. ஆங்கிலமோ ஒன்றை ஷர்ட் என்றும் மற்றொன்றை ஸ்மாக் என்றும் பிரித்தது. பிரெஞ்சுக்காரன் தடுமாறக்கூடிய அந்த இடத்தையே, இலக்கணக் குறிப்பு எதுவும் இல்லாமல், கைக்கு வந்த துணியை வைத்தே காட்டிவிடுகிறது அந்த ஒரு காட்சி.

உடைகளைப் பற்றிய பாடம் பிரெஞ்சு மாணவனுக்கு எளியதென்று நினைப்பவர்கள் அதன் உள்ளே புகுந்து பார்த்ததில்லை. ஷெமீஸ் பிரெஞ்சில் பெண்பாற்சொல். கால்சட்டையைக் குறிக்கும் பான்டலோன் ஆண்பாற்சொல். உடைமையைக் காட்டும் பிரதிப்பெயர் அங்கே உடையவரின் பாலைப் பின்பற்றாமல், உடைமைப் பொருளின் பாலைப் பின்பற்றுகிறது. ஆகவே சட்டை ஆணுடையதாயினும் பெண்ணுடையதாயினும் அந்தச் சொல் மாறாது. 'அவன் சட்டை', 'அவள் சட்டை' என்று உடையவரைக் கொண்டே சொல்லி வளர்ந்த தமிழர்களுக்கு இந்த இடர்ப்பாடு அவ்வளவு சுலபமாகப் புலப்படாது. பிரெஞ்சுக் குழந்தையோ ஆங்கிலத்தில் தன் தகப்பனாருடைய சட்டையை ஒரு பெண்ணின் சட்டையாக்கிவிட்டுத் தான் செய்த பிழை என்னவென்று தெரியாமல் விழிக்கும். பான்டலோன் ஒருமை; அதே கால்சட்டை ஆங்கிலத்தில் டிரவுசர்ஸ் என்று பன்மையாகிவிடுகிறது. தொப்பியைக் குறிக்கும் ஹாட் என்ற சொல்லின் முதலில் உள்ள மூச்சொலி பிரெஞ்சு நாவுக்கு அந்நியமானது. இவையெல்லாம் சிறு விஷயங்கள். ஆனால் ஒரு நாளைக்குப் பத்து முறை எதிர்ப்படும் சிறு விஷயங்கள்.

பெலோவின் நூல் வெளிவந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டதாகக் கருதப்படும் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில், பிரெஞ்சு ராஜகுமாரி காதரின் தன் தோழியிடம் ஆங்கிலம் கற்கும் காட்சி ஒன்றை ஷேக்ஸ்பியர் அமைத்திருக்கிறார். கை, விரல், நகம், முழங்கை, கழுத்து என்று உடலுறுப்புகளின் பெயர்களைக் கேட்டு வந்தவள் கடைசியில் பாதத்தோடு நீண்ட அங்கியின் பெயரையும் கேட்கிறாள். உடலைத் தொட்டு அறிந்த பிறகு உடலை மூடியதைத் தொட்டு அறிவது என்ற அந்த வரிசை, எந்த நல்லாசிரியரும் ஒப்புக்கொள்ளக்கூடியது. அடுத்த சில ஆண்டுகளில் ஷேக்ஸ்பியர் குடியிருந்தது, சில்வர் தெருவில் சீமாட்டிகளுக்குத் தலையலங்காரங்கள் செய்து விற்று வந்த கிறிஸ்டபர் மவுண்ட்ஜாய் என்னும் ஹ்யூகனாட்டின் இல்லத்தில். பெலோவின் நூலை அச்சிட்ட வோத்ரோலியே காலமானபின் அவருடைய மனைவியை மணந்து அச்சுக்கூடத்துக்கு உரியவரானவர், ஷேக்ஸ்பியருக்கு ஊர்க்காரரான ரிச்சர்ட் ஃபீல்ட். கவிஞரின் 'வீனஸும் அடோனிஸும்' 1593இல் அவருடைய அச்சில்தான் வெளிவந்தது. அகதிகளின் தையல் அறைக்கும் அச்சுக்கூடத்துக்கும் இங்கிலாந்தின் மகாகவிக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு குறைவு.

பதினெட்டாம் நூற்றாண்டில் நிலைமை வேறு. சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்குப் பிரான்சில் வழிபாட்டு உரிமை அளித்திருந்த நான்ட் நகரச் சாசனம் 1685இல் ரத்து செய்யப்பட்டபோது ஏறக்குறைய 50,000 ஹ்யூகனாட்டுகள் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது உண்மைதான். எனினும் பிரான்சிலேயே இருந்த கற்றோருக்கு ஆங்கிலம் அவசியத்தால் வந்ததன்று, விருப்பத்தால் வந்தது. வோல்தேர் 1726இல் லண்டனுக்கு வந்து, வாண்ட்ஸ்வொர்த்தில் எவரர்ட் ஃபாக்னர் என்ற பட்டு, துணி வியாபாரியின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கி அந்தப் பாஷையைப் பயின்றார். பின்னர் தம் 'ஸாயிர்' நாடகத்தை அந்த வியாபாரிக்கே சமர்ப்பித்தார். அதே காலத்தில்தான் குதிரைச் சவாரிக்கென ஆங்கிலேயர் அணிந்த நீண்ட கோட்டைப் பிரெஞ்சுக்காரர் விரும்பி அணியத் தொடங்கினார்கள். ரைடிங் கோட் என்ற அதன் பெயர் அவர்கள் நாவில் ரெடிங்கோட் என்று உருமாறியது. பிறகு அதே உருவத்தில் மீண்டும் இங்கிலாந்துக்குப் போய், பெண்களின் மேலங்கி ஒன்றுக்குப் பெயராக நிலைத்தது.

ஆங்கிலத்தையும் ஆடையையும் ஒருங்கே தம் வாழ்வில் சுமந்த பிரெஞ்சுக்காரர் ஸ்டெஃபான் மல்லார்மே. கவிஞர் என்று உலகம் அறிந்த அவர், முப்பது ஆண்டுக் காலம் வயிற்றுப் பிழைப்புக்கு ஆங்கில ஆசிரியராக இருந்தார். எட்கர் ஆலன் போவைச் செம்மையாகப் படிக்க வேண்டும் என்ற ஆசையால் 1862இல் லண்டன் சென்று ஆங்கிலம் பயின்று திரும்பி, டூர்னோன், பெஸான்சோன், அவிஞோன் நகரங்களின் பள்ளிகளிலும் கடைசியில் பாரிஸிலும் கற்பித்தார். 1874இல் 'லா தெர்னியேர் மோத்' என்ற ஆடையலங்காரப் பத்திரிகையின் எட்டு இதழ்களை, பல புனைபெயர்களுக்குள் மறைந்துகொண்டு ஏறக்குறையத் தாம் ஒருவராகவே எழுதினார். அப்பெயர்களில் ஒன்று மிஸ் சாடின் என்ற ஆங்கிலச் சாயலுடையது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த 'லே மோ ஆங்லே' என்ற அவருடைய நூல் ஆங்கிலச் சொற்களை அவற்றின் முதலெழுத்தின் ஒலியையொட்டிக் குடும்பம் குடும்பமாகத் தொகுத்துப் பார்த்தது. சொல்லின் உயிரை அதன் ஒலியிலேயே தேடிய அந்த முயற்சியை நான் மிகுந்த மரியாதையோடு நோக்குகிறேன். ஆயினும் ஒரு கிராமத்துப் பையனுக்குக் காலுறையின் ஆங்கிலப் பெயர் வேண்டியிருக்குமானால், அவனை நான் மல்லார்மேயிடம் அனுப்பமாட்டேன், பெலோவிடம்தான் அனுப்புவேன்.

பிரான்சின் பள்ளிகளில் அக்காலத்தில் ஆங்கிலம், லத்தீனைப் போல, இலக்கண விதியாகவும் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகவுமே நடத்தப்பட்டது. மில்டனின் வரியைப் பதம் பிரிக்கத் தெரிந்த மாணவனுக்குப் பொத்தானைக் கேட்டு வாங்கத் தெரியாது. இந்த நிலையை மாற்றும் பொருட்டு, கல்வி மந்திரி ஜார்ஜ் லேக் 1901இலும் 1902இலும் வெளியிட்ட உத்தரவுகள், தாய்மொழியை வகுப்பில் ஒதுக்கிவிட்டு, கண்ணெதிரே உள்ள பொருளைக் காட்டி அந்நிய மொழியிலேயே பேச வேண்டும் என்று விதித்தன. நேர்முறை என்று பெயர் பெற்ற இத்திட்டத்தின்படி ஆசிரியர் தம் கோட்டையும் தொப்பியையும் தொட்டுக் காட்டினார். சுவரில் தொங்கிய பெரிய வர்ணப் படங்களில் வீடும் தெருவும் வண்டியும் இருந்தன. நாடு முழுவதற்கும் ஒரே அச்சில் திணிக்கப்பட்ட அந்தக் கடுமை நீடிக்கவில்லை. 1925இல் தாய்மொழிக்கு ஓரளவு இடம் திரும்பக் கிடைத்தது. புதிய கண்டுபிடிப்பென்று அன்று போற்றப்பட்டதும் பழிக்கப்பட்டதுமான அந்த யோசனையின் சாரத்தை, தாய்மொழியை விலக்காமலே முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கையாண்டவர் பெலோ என்பதை அந்த வாதப் பிரதிவாதங்களுக்கிடையே நினைவுகூர ஆள் இல்லாமற்போனது வருத்தத்துக்குரியது.

1929இல் அல்ஃபோன்ஸ் ஷெரெல் 'அஸ்ஸிமில்' என்ற பிரசுர நிலையத்தை நிறுவி, சிரமமின்றி ஆங்கிலம் கற்கும் வழியைச் சொல்லும் புத்தகத்தை வெளியிட்டார். ஒரு பக்கத்தில் ஆங்கிலம், எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சு, உச்சரிப்புக்குப் பிரெஞ்சு முறையில் எழுத்துக் கூட்டல். ஏறக்குறைய 1586இன் அமைப்பே அது. முதற்பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு தையற்காரர் வருகிறார். அவர் பணக்காரர் என்று அறிவிக்கும் அந்த வாக்கியம், ஆங்கிலமே அறியாத பிரெஞ்சுக்காரருக்கும் மனப்பாடமாயிற்று. ருமேனியாவில் பிறந்த யூஜீன் இயோனெஸ்கோ, அந்தப் புத்தகத்தைக் கொண்டு ஆங்கிலம் படிக்க முனைந்தபோது அதிலிருந்தே ஒரு நாடகம் அவர் மனத்தில் உருவாகி, 1950இல் பாரிஸில் 'மொட்டைப் பாடகி' என்ற பெயரில் அரங்கேறியது.

மோட்டார் வண்டியின் சொற்கள் இந்தச் சரித்திரத்தில் வந்து சேர்ந்தது பின்னால்தான். வந்த திசையும் நேர்மாறானது. 1894இல் பாரிஸிலிருந்து ரூவானுக்கு மோட்டார் வண்டிகளின் போட்டி ஓட்டம் நடந்தபோது, இங்கிலாந்தில் இயந்திர வண்டிகளுக்கு முன்னால் ஒருவன் நடந்து செல்ல வேண்டும் என்ற சட்டம் இன்னும் நடைமுறையில் இருந்தது. 1896இல்தான் அது தளர்ந்தது. பிரான்சு முந்திக்கொண்டதன் விளைவாக ஆட்டோமொபைல், காராஜ், ஷாஃபர், ஷாஸி ஆகிய சொற்கள் சரக்கோடு சரக்காக ஆங்கிலத்துக்கு ஏற்றுமதியாயின. ஷாஃபர் என்பவர் உண்மையில் இயந்திரக் கொதிகலனுக்குத் தீ மூட்டுபவர். நீராவி வண்டிகளின் காலத்துப் பெயர் பெட்ரோல் வண்டி ஓட்டுகிறவருக்கும் நிலைத்துவிட்டது. இவற்றையெல்லாம் பாடப்புத்தகத்தில் காணும் பிரெஞ்சு மாணவன், இந்த அத்தியாயத்தில் தனக்குக் கற்க ஒன்றுமில்லை என்று எண்ணிவிடக்கூடும்.

அப்படி எண்ணுகிறவனைக் கார் என்ற முதற்சொல்லே ஏமாற்றிவிடும். பிரெஞ்சில் அது ஊர்விட்டு ஊர் செல்லும் பெரிய பஸ்ஸைக் குறிப்பது. அடுத்து வருவது இன்னும் விநோதமானது. இஞ்சினை மூடும் தகட்டுக்கு இங்கிலாந்தில் பானட் என்று பெயர். பிரெஞ்சில் பொனே என்பது குளிருக்கு அணியும் குல்லாய். சாமான் வைக்கும் பின்பெட்டிக்கு பூட் என்று பெயர். அதுவோ அவன் உடைப் பாடத்தில் காலணியாகப் படித்த சொல். மடக்கக்கூடிய மேற்கூரைக்கு முக்காட்டின் பெயரான ஹுட் வழங்குகிறது. குதிரை வண்டிகளின் காலத்திலேயே பூட் என்ற சொல் வண்டியில் இடம்பிடித்துவிட்டது. ஹுட்டும் அவ்வாறே. பானட் மோட்டாரோடு வந்தது. பிரெஞ்சுக்காரரும் இதற்கு விலக்கல்லர்: இஞ்சின் மூடியை அவர்கள் கபோ என்பதும் மேற்கூரையைக் கபோத் என்பதும், கேப் எனப்படும் மேலாடையின் வழிவந்தவையே. இரு நாட்டுக் கைவினைஞர்களும் வண்டியைப் பார்த்தபோது உடுத்திய உடம்பையே கண்டிருக்கிறார்கள். ஆனால் எந்த உறுப்புக்கு எந்த உடை என்பதில்தான் அவர்கள் ஒத்துப்போகவில்லை.

அமெரிக்கர்கள் இதிலும் தங்கள் வழியே போனார்கள். அங்கே இஞ்சின் மூடிதான் ஹுட், பின்பெட்டி டிரங்க். உடையிலும் அவ்வாறே: வெஸ்ட் என்பது இங்கிலாந்தில் உள்பனியன், அமெரிக்காவில் சட்டைக்கு மேலணியும் கையில்லாத சட்டை, பிரெஞ்சு வெஸ்த்தோ முழுக் கையுள்ள மேற்சட்டை. பேன்ட்ஸ் என்றால் அமெரிக்கன் கால்சட்டையை எடுப்பான். ஆங்கிலேயன் உள்ளாடையை எண்ணுவான். பள்ளியில் இங்கிலாந்தின் வழக்கையும் திரைப்படத்தில் அமெரிக்க வழக்கையும் கேட்டு வளரும் பிரெஞ்சு மாணவனுக்கு இரண்டும் கலந்தே காதில் விழுகின்றன. பிரான்சிலுள்ள ஆசிரியர்கள் பொதுவாக இரண்டில் எதையும் ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலப்பதைப் பிழையாகக் கொள்கிறார்கள். பானட் என்று தொடங்கியவன் டிரங்க் என்று முடிக்கக் கூடாது.