முப்பத்தாறு எறும்புகள்: கிறிஸ்துமஸ் தீவின் செந்நண்டுக் காடும் அயல் உயிரினக் கட்டுப்பாட்டின் அளவுகோலும்

கிறிஸ்துமஸ் தீவின் காட்டில் எறும்பு எண்ணுவதற்கு எளிய முறை ஒன்று உண்டு. ஒரு சதுர அட்டையைத் தரையில் வைத்து, முப்பது நொடிக்குள் அதைக் கடந்துபோகும் மஞ்சள் பைத்திய எறும்புகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை 37-ஐத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் நண்டு பிழைக்காது என்று கொள்கிறார்கள். இந்த எண்ணை முதன்முறை படித்தபோது, அது என்ன சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. முப்பத்தாறு எறும்பு கடந்தால் பரவாயில்லை என்பதுதானே அதன் மறுபக்கம்? எறும்பே இருக்கக்கூடாது என்று அந்த அட்டை கேட்கவில்லை.

ஓர் உயிரினம் பிறப்பாலேயே தீங்குயிர் ஆகிவிடுவதில்லை என்பதும், பிற உயிர்களோடு அதற்குக் கிடைக்கும் உறவுகளே அதை அந்நிலைக்குத் தள்ளுகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம். அப்படியானால் கட்டுப்பாட்டின் வேலை அந்த உறவை அறுப்பது. கொன்ற உடல்களை எண்ணுவது அல்ல. இந்த வாதத்துக்குக் கிறிஸ்துமஸ் தீவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இதே வாதத்தின் வரம்புகளையும் அந்தத் தீவே காட்டுகிறது.

ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது 135 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவு. ஆஸ்திரேலியாவின் ஆட்சிப்பகுதி. பாஸ்பேட் சுரங்கத்துக்காகவே மனிதர் குடியேறிய இடம். மூன்றில் இரு பங்கு நிலம் இன்று தேசியப் பூங்கா. அங்குள்ள மழைக்காட்டின் உண்மையான நிர்வாகி செந்நண்டு. 1990-களின் மதிப்பீட்டில் நான்கு கோடிக்கும் மேல். உதிர்ந்த இலையைத் தின்கிறது, முளைத்த கன்றைக் கிள்ளுகிறது, வளை தோண்டி மண்ணைப் புரட்டுகிறது. அதனால் அந்தக் காட்டுத் தரை பெருக்கி வைத்த முற்றம்போல் கிடக்கும். முதல் மழை விழுந்ததும், நிலவின் நாள் பார்த்து, நண்டுகள் முட்டையிடக் கடற்கரைக்கு இறங்கும். சாலைகளை மூடி வழிவிடுவார்கள்.

மஞ்சள் பைத்திய எறும்பு தீவுக்கு வந்தது 1915-க்கும் 1934-க்கும் இடையில், சரக்கோடு சரக்காக. தொந்தரவு செய்தால் திசை தெரியாமல் ஓடும், அதனால் அந்தப் பெயர். வந்தபின் அரை நூற்றாண்டுக்கும் மேல் அது யாருக்கும் பெரிய தொல்லையாக இருந்ததில்லை. 1989-இல்தான் முதல் ‘பெருங்குடி’ கண்ணில் பட்டது. பல அரசிகள், பல புற்றுகள், ஆனால் ஒன்றோடொன்று சண்டையிடாத ஒரே கூட்டம்: இதையே பெருங்குடி என்கிறேன். அது முற்றிய இடங்களில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறக்குறைய இரண்டாயிரம் எறும்புகள் வரை அளந்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டு அடங்கிக் கிடந்த எறும்புக்கு அப்போது என்ன நேர்ந்தது?

விடையின் பெரும்பகுதி மரத்தின் மேலே இருந்தது. கொய்யா மரத்தில் மாவுப்பூச்சி கண்டவர்களுக்கு இது புதிதல்ல. பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவைச் சொட்டும். எறும்பு வரிசையாக ஏறி அதைக் குடிக்கும். குடிக்கும் கையோடு பூச்சியின் பகைவர்களை விரட்டும். சிந்தியது இலையில் படிந்து கரும்பூசணமாகும். எறும்பு ஏறுகிறதென்றால் மேலே எதையோ பார் என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான். கிறிஸ்துமஸ் தீவில் இந்த வேலையைச் செய்தது அரக்குப் பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மஞ்சள் செதில் பூச்சி. அதுவும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த அயல் உயிர். எறும்பு அதற்குக் காவல், அது எறும்புக்குச் சர்க்கரை. தனித்தனியே வந்த இரு அந்நியர்கள் கூட்டுச் சேர்ந்தபோது காடு கவிழ்ந்தது.

எறும்பு கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. பார்மிக் அமிலத்தைப் பீச்சுகிறது. நண்டின் கண்ணிலும் வாயிலும் அது பட்டால் நண்டு குருடாகி, தடுமாறி, ஓரிரு நாளில் இறக்கிறது. 2002-க்குள் ஏறத்தாழ 2,500 ஹெக்டேர், அதாவது தீவின் மழைக்காட்டில் கால் பங்கு, எறும்பின் வசமாயிற்று. இறந்த நண்டுகள் ஒரு கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டனர். எறும்பே இல்லாத காட்டிலும் நண்டு மறைந்தது என்பதே இதில் கொடுமை. கடலுக்கு இறங்கும் வழியில் பெருங்குடி குறுக்கிட்டால், போன நண்டு திரும்பாது. அது விட்டுப்போன வளை எங்கோ தொலைவில், எறும்பின் நிழல்கூடப் படாத இடத்தில், காலியாகக் கிடக்கும்.

இங்கே வெளியாள் எளிதில் ஏமாறுவார். நண்டு அழிந்த காடு பார்வைக்குப் பச்சைப்பசேலென்று இருக்கும். கிள்ள ஆளில்லாமல் கன்றுகள் அடர்ந்து முளைக்கும், சருகு மெத்தையாகப் படியும். செழிப்பென்று படம் பிடித்துப் போகலாம். உண்மையில் அது நோயின் அறிகுறி. தலைக்கு மேலே கரும்பூசணம் படிந்து பெருமரங்களின் உச்சி காய்ந்துகொண்டிருக்கும். ஆப்பிரிக்கப் பெருநத்தையின் கதையும் இதோடு சேர்ந்தது. சாலையோரத்திலும் குடியிருப்பைச் சுற்றியும் பல காலமாக இருந்தும் அதனால் காட்டுக்குள் புக முடியவில்லை, நண்டு தின்றுவிடும். காவலாளி இறந்ததும் நத்தை உள்ளே போயிற்று. டென்னிஸ் ஓ’டவுட், பீட்டர் கிரீன், சாம் லேக் ஆகிய மூவரும் 2003-இல் இந்தத் தீவை வைத்து எழுதிய ஆய்வுரை, ஓர் அயல் உயிர் இன்னோர் அயல் உயிருக்கு வழி திறக்கும் இத்தகைய தொடர்சரிவுக்கு இலக்கணம் வகுத்ததுபோல் ஆயிற்று.

முதல் பதில் நஞ்சு. 2002-இல் ஹெலிகாப்டரிலிருந்து மீன்தூள் கலந்த ஃபிப்ரோனில் இரையை ஹெக்டேருக்கு 4 கிலோ வீதம் தூவினார்கள். தூவிய இடங்களில் எறும்பு நடமாட்டம் 99 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. ஃபிப்ரோனில் நண்டையும் கொல்லும். பெருங்குடிக்குள் செந்நண்டு ஏற்கெனவே செத்திருக்கும் என்பதால் அந்த இழப்பு சிறிது. தேங்காய் நண்டு விஷயத்தில்தான் சிக்கல்: அது எதையும் மோப்பம் பிடித்து வந்து தின்னும். கோழித்தீவனத்தில் இறால் விழுதைப் பிசைந்து, தூவும் பகுதிக்கு வெளியே வைத்து, அதன் மணத்தால் தேங்காய் நண்டுகளை அந்தப் பக்கம் இழுத்தார்கள். வானிலிருந்து நஞ்சு, தரையில் விருந்து. அயல் உயிரினக் கட்டுப்பாட்டின் நுணுக்கமெல்லாம் இம்மாதிரி அடுப்படி வேலைகளில்தான் இருக்கிறது. கொள்கை அறிக்கைகளில் இவை வருவதில்லை.

எறும்பு திரும்பி வந்தது. 2009-இல் மறுபடி வானிலிருந்து தூவல், 2012-இல் மறுபடி. நஞ்சு வேலை செய்யவில்லை என்று இதற்குப் பொருளில்லை; எறும்பைக் கொன்றது, சர்க்கரையைத் தொடவில்லை, அவ்வளவுதான். மரத்தில் செதில் பூச்சி இருக்கும்வரை அடுத்த பெருங்குடிக்கான சமையல் நடந்துகொண்டே இருக்கும். தூவியவர்களைக் குறைசொல்ல நான் முன்வரமாட்டேன். தீ பிடித்த வீட்டில் முதலில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். ஆனால் சில ஆண்டுக்கொருமுறை தண்ணீர் ஊற்றுவதையே கொள்கையாக வைத்துக்கொண்டால், நஞ்சின் செலவும் அதன் எச்சமும் அந்தக் காட்டின் நிரந்தரக் குடிமக்களாகிவிடும்.

திருப்பம் ஓர் எளிய சோதனையில் வந்தது. லா ட்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எறும்பு மரத்தில் ஏறிச் செதில் பூச்சியை அடைய முடியாதபடி தடுத்துப் பார்த்தார்கள். நஞ்சு ஏதும் வைக்கவில்லை. நான்கு வாரத்தில் தரையில் எறும்பு நடமாட்டம் சுமார் 95 விழுக்காடு சரிந்தது. எறும்பின் பலம் எறும்பில் இல்லை என்பது இதனால் உறுதியாயிற்று. அடுத்து, செதில் பூச்சிக்கு அதன் தாயகத்தில் யார் பகைவர் என்று தேடினார்கள். மலேசியாவில் இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் ஒட்டுண்ணிக் குளவி கிடைத்தது. பெண் குளவி செதில் பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வெளிவரும். மனிதரைக் கொட்டாது. பல ஆண்டுச் சோதனைக்கும் அனுமதிக்கும் பிறகு 2016 டிசம்பரில் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். குளவி நிலைத்துப் பரவியது.

இங்கே எழும் மறுப்பு நியாயமானது. ஓர் அந்நியனை அடக்க இன்னோர் அந்நியனா? கரும்பு வண்டை ஒழிக்க 1935-இல் குயின்ஸ்லாந்துக்கு வந்த தேரை என்ன செய்தது என்பது ஊரறிந்தது. இங்கே அதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை பிரெஞ்சு பாலினீசியாவில் இருக்கிறது. மேலே சொன்ன அதே ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிக்க 1970-களில் அங்கே ஓர் இரைகொல்லி நத்தையை விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளுக்கே உரிய பார்டுலா மரநத்தைகளைத் தேடித் தின்றது. பல இனங்கள் காட்டிலிருந்து அடியோடு மறைந்தன. தேரையும் அந்த நத்தையும் கண்டதைத் தின்பவை. மலேசியக் குளவிக்கோ அந்தச் செதில் பூச்சியின் உடலும் அதன் நெருங்கிய உறவுகளின் உடலும் தவிர முட்டையிட வேறிடம் இல்லை. வேறுபாடு ‘அயல்’ என்ற சொல்லில் இல்லை, வாயின் அகலத்தில் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாடு நூலறிவாகத் தோன்ற வேண்டியதில்லை. கோவையில் 2008-இல் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி முதல் மரவள்ளி வரை வெள்ளையாகப் படர்ந்து, மருந்தடித்து ஓயாமல், 2010-இல் வெளிநாட்டிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவியால்தான் அடங்கியது. இன்னும் பின்னே போனால், உலகில் பூச்சியை வைத்துக் களையை அடக்கிய முதல் நிகழ்ச்சிகளே நம் பக்கத்தவை. சாயத்துக்கென்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரேசிலிலிருந்து இந்தியா வந்த கொச்சினீல் பூச்சி, தவறாக இனம் காணப்பட்டது. எதிர்பார்த்த சாயம் தரவில்லை, சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அதையே 1830-களில் தென்னிந்தியாவிலும், 1860-களில் இலங்கையிலும் வேண்டுமென்றே பரப்பினார்கள். வெற்றிதான், ஆனால் பிழையில் பிறந்த வெற்றி. கிறிஸ்துமஸ் தீவின் பல ஆண்டுச் சோதனைக்கு மதிப்பு இங்கேதான் விளங்குகிறது.

இரண்டாவது மறுப்பு: எறும்பை முற்றாக ஒழிக்க முடியுமே, ஏன் முப்பத்தாறோடு சமரசம்? பசிபிக்கில் அமெரிக்காவின் ஜான்ஸ்டன் பவளத்தீவில் இதே எறும்பைத்தான் ஒழித்தார்கள். செவ்வால் வெப்பமண்டலப் பறவைகள் கூடுகட்டும் அந்த இடத்தில் 2010 முதல் குழுக்கள் மாறி மாறிக் கூடாரமடித்துத் தங்கி இரை வைத்தன. கடைசியில் மோப்ப நாய்களைக் கொண்டும் தேடி, 2021-இல் எறும்பு இல்லை என்று அறிவித்தார்கள். பத்தாண்டு உழைப்பு. ஆனால் அது தட்டையான, மனிதர் குடியில்லாத, எறும்பு பிடித்த பரப்பு சிறியதான இடம். மழைக்காடு மூடிய 135 சதுர கிலோமீட்டரில் அதே இலக்கை வைப்பது, அடைய முடியாத பூஜ்யத்தின் பெயரால் அடையக்கூடிய முப்பத்தாறைக் கைவிடுவதாகும்.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. எந்தப் பழைய நிலையை மீட்கிறோம்? கிறிஸ்துமஸ் தீவுக்கே உரிய எலி இனங்கள் இரண்டு இருந்தன. 1899-இல் ஹிந்துஸ்தான் என்ற கப்பலில் வந்த கருப்பு எலிகள் ஒட்டுண்ணி நோயைக் கொண்டுவந்தன. அடுத்த சில ஆண்டுகளில் இரு இனங்களும் அற்றுப்போயின. 1897-இல் அவற்றை ஏராளமாகக் கண்ட ஆய்வாளர் சார்லஸ் ஆண்ட்ரூஸ் 1908-இல் திரும்பிவந்தபோது ஒன்றையும் காணவில்லை. அந்த எலிகள் இருந்தபோது செந்நண்டு இவ்வளவு பெருகியிருக்காது என்று சில சூழலியலாளர் ஐயுறுகிறார்கள். அப்படியென்றால் நாம் காக்கும் நண்டுக் காடே ஒரு பழைய படையெடுப்பின் பின்விளைவாக இருக்கலாம். இதை ஏற்பதால் என் வாதம் தளரவில்லை. தூய தொடக்கநிலை ஒன்று உண்டு என்று நம்புகிறவருக்குத்தான் இது இடி. உறவை அளவுகோலாகக் கொள்பவர், இன்று காட்டை நடத்தும் உயிர் எது, அது போனால் எத்தனை போகும் என்றே கேட்பார்.

ஆனால் அளவுகோலைக் கையில் வைத்திருப்பவர் எதை அளக்க விரும்புகிறார் என்பதும் உண்டு. நண்டைக் காண உலகம் வருகிறது. நண்டுக்குப் பணம் வந்தது. அதே தீவின் சிறுவௌவால், மூன்று நான்கு கிராம் எடையுள்ளது, பல ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. பிடித்து வளர்த்துக் காப்பாற்ற அனுமதி கிடைத்துக் குழு வந்தபோது ஒரே ஒன்றின் குரல்தான் கேட்டது. 2009 ஆகஸ்டு இறுதிக்குப் பின் அதுவும் கேட்கவில்லை. எறும்பைப் பற்றிய நம் அறிவு கூர்மையாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்தாம் அவை.

2022-இல் நத்தம் அருகே கரந்தமலைக் காட்டோர ஊர்களில் ஆடுமாடுகளின் கண்ணைப் பாழாக்கும் எறும்பு என்று செய்தி வந்தபோது, மஞ்சள் பைத்திய எறும்பு தமிழிலும் பெயர் பெற்றது. எறும்புப் பொடி போதுமா என்ற கேள்வியே அப்போது பேச்சில் முன்னால் நின்றது. எறும்பு அங்கே எந்த மரத்தில் ஏறுகிறது, மேலே என்ன சொட்டுகிறது என்று முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பது, தீவின் கதையைப் படித்தவர் எவருக்கும் தோன்றும்.

குளவி பரவி, அட்டையில் எண்ணிக்கை இறங்கிய இடத்திலும் நண்டு உடனே வந்துவிடுவதில்லை. காலி வளைக்குக் குடிவர வேண்டியது கடலிலிருந்து ஏறிவரும் குஞ்சு. அது விரல்நகத்தைவிடச் சிறியது. பல ஆண்டுகளில் முட்டைகள் அத்தனையும் கடலோடு போய்விடும், ஒரு குஞ்சுகூடக் கரையேறாது. பத்தாண்டில் ஓரிரு முறைதான் பாறையெல்லாம் சிவக்கும் அளவுக்கு அவை வந்து ஏறும். வந்தவை முதிர்ந்து முதல்முறை கடலுக்கு இறங்க இன்னும் நான்கைந்து ஆண்டு ஆகும்.