பல் நாற்காலியைச் சுற்றிய காற்று

பல் மருத்துவம் ரத்தத்துக்கு அஞ்சிய அளவுக்குக் காற்றுக்கு அஞ்சவில்லை. 1871-இல் ஜேம்ஸ் மோரிசன் காப்புரிமை பெற்ற கால்மிதித் துளைக்கருவி நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுதான் சுழன்றது. 1957-இல் ஜான் போர்டனின் ஏரோட்டர் என்ற துளைக்கருவி சுமார் 3,00,000 சுற்றை எட்டியது. அந்த வேகத்தின் சூட்டில் பல்லுக்குள் இருக்கும் உயிர்க்கூழ் செத்துவிடாமல் இருக்க இடைவிடாமல் தண்ணீர் பீய்ச்ச வேண்டியிருந்தது. சிகிச்சை நேரம் சுருங்கியது பெரிய நன்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் எச்சிலோடும் ரத்தத்தோடும் கலந்து, பனிமூட்டம்போலக் கிளம்பி, குனிந்திருப்பவரின் முகத்தை எட்டியது. 1969-லேயே மிசிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை அளந்து எழுதினார்கள். தடுப்பதற்கான கருவியோ அதற்கும் ஒரு நூற்றாண்டு மூத்தது: 1864-இல் நியூயார்க்கின் பார்னம், பல்லை உலர்வாக வைத்திருக்க உருவாக்கிய ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் திரை. அது சுற்றுக்காற்றில் கிருமிகளை வெகுவாகக் குறைக்கிறது என்று 1989-இல் சமரநாயக்க என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள்.

அறிவும் கருவியும் இருந்தும் காற்றைக் கவனிக்க ஏன் தாமதம்? ரத்தவழித் தொற்றுக்குத் தடயம் உண்டு. மூச்சுவழித் தொற்றுக்கு அது அரிது. 1990-இல் ஃபுளோரிடாவில் ஒரு பல் மருத்துவரிடமிருந்து நோயாளிக்கு எச்ஐவி பரவியிருக்கலாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. மறு ஆண்டே அந்நாட்டில் ரத்தவழித் தொற்றுக்கெனப் பணியிடச் சட்டவிதி வந்தது. பல் பார்க்கப் போய் ஃப்ளூவோடு திரும்பியவர், தொற்றியது அங்கேயா பேருந்திலா என்று எப்படிச் சொல்வார்? நிரூபிக்க முடியாதது நிகழாதது என்றே கணக்கில் கொள்ளப்பட்டது.

காற்றைப் பற்றிய அச்சம் மிகை என்று வாதிடுவோருக்கும் சான்றுகள் உண்டு. 2020 ஜூனில் அமெரிக்கப் பல் மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் கொரோனா தொற்று 1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2021-இல் ஒஹையோ ஆய்வு, அந்த மூட்டத்தில் பெரும்பகுதி கருவியின் தண்ணீரே, எச்சில் அல்ல என்றது. இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய எல்லோரும் கூடுதல் பாதுகாப்போடு வேலை செய்தவர்கள். குறைந்த எண்ணிக்கைக்கு அந்தக் கவனத்திலும் பங்கிருக்கலாம். இரண்டாவது சான்று துளைக்கருவியைத்தான் விடுவிக்கிறது, மூச்சை அல்ல. வாய் திறந்து கிடக்கும் நோயாளியால் முகக்கவசம் அணிய முடியாது. கருவி நின்றாலும் அவர் மூச்சுவிடுவார், இருமுவார். ஆகவே ஜன்னலும் காற்றோட்டமும் எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷனுக்குச் சமமான கருவிகள். இங்கிலாந்து இதைத் தாமதமாகவேனும் வழிகாட்டுதலில் எழுதியது: மூட்டம் எழுப்பும் சிகிச்சைக்குப் பின் அறையை 60 நிமிடம் வெறுமையாக விட வேண்டும் என்று 2020-இல் தொடங்கி, பிறகு மணிக்கு எத்தனை முறை அறைக்காற்று மாறுகிறது என்று கணக்கிட்டு அந்த நேரத்தைக் குறைத்தது.