இயங்குதளம் கணினிக்குள் நுழைந்த வழிகள்

கணினியின் உறுப்புகளையும் பிற மென்பொருள்களையும் ஒருங்கே ஆளும் இயங்குதளத்தைப் புதிய கணினியில் எந்த ஊடகத்தின் வழியே நிறுவுவது என்ற கேள்வி 1990களின் நடுவில் கூர்மை பெற்றது. 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95, குறுந்தகட்டிலும், குறுந்தகட்டு இயக்கி இல்லாதோருக்காக 13 ஃபிளாப்பிகளிலும் விற்கப்பட்டது, வழக்கமாக 1.44 மெகாபைட் கொள்ளும் ஃபிளாப்பிகளுள் பெரும்பாலானவற்றில், தடம் ஒன்றுக்கு 18 பிரிவுகளுக்குப் பதிலாக 21 பிரிவுகளை நெருக்கி எழுதி 1.68 மெகாபைட் அடக்கியும் அத்தனை வட்டுகள் தேவைப்பட்டன, அவற்றுள் ஒன்று பழுதானாலும் நிறுவல் பாதியில் நின்றது.

ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும் குறுந்தகட்டுக்கோ வேறொரு தடை இருந்தது. கணினியை இயக்கியதும் முதலில் செயல்பட்டு இயங்குதளத்தைத் தேடும் சிறு நிரலான பயாஸ், அன்று பெரும்பாலும் குறுந்தகட்டிலிருந்து தொடங்க அறியாததால், தொடக்க ஃபிளாப்பி ஒன்றும் உடன் வேண்டியிருந்தது. ஃபீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்கள் 1995இல் வகுத்த ‘எல் டொரிட்டோ’ விதிமுறை அத்தடையை நீக்க வழிசெய்தது. பயனர் பலரும் பெயரளவில்கூட அறியாத இந்த ஆவணத்துக்குக் கணினி வரலாற்றில் உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

குறுந்தகட்டு வழி இவ்வாறு திறந்தபின், உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் குறுந்தகடுகளை, அதை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை கேட்டவர்க்கெல்லாம் அஞ்சலில் இலவசமாக அனுப்பியது, இணைய வேகம் குறைந்திருந்த நாடுகளுக்குப் பேருதவி. பின்னர் ஊடகம் மீண்டும் மாறியது: 2015இல் விண்டோஸ் 10 கடைகளுக்கு யுஎஸ்பி நினைவகத்தில் வந்தது.