மைசூரு மண்டலக் கல்வி நிறுவனமும் பள்ளிவழி ஆசிரியர் பயிற்சியும்

மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் (ஆர்.ஐ.இ.) கர்நாடக மாநிலம் மைசூரு நகரின் மானசகங்கோத்ரிப் பகுதியில் இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனம். 1963ஆம் ஆண்டு மண்டலக் கல்வியியல் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் (என்.சி.இ.ஆர்.டி.) ஓர் அங்கமான இது, மைசூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றது. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய பகுதிகள் இதன் பணி எல்லைக்குள் அடங்கும். கல்லூரியும் பள்ளியும் கூடி ஓர் ஆசிரியரை உருவாக்க வேண்டும் என்ற கொள்கையைப் பாடத்திட்டத்திலேயே பதித்துக்கொண்ட இந்திய நிறுவனங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

முன்வரலாறு

பயிலுநரை வகுப்பில் துணையாக வைத்துக்கொண்டு கற்பிக்கும் வழக்கம் தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை, இளைய மாணவருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்து வகுப்பையும் கவனித்துக்கொண்டார். சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்த அவரது ஏற்பாடு 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. 1846இல் அந்நாட்டு அரசு இதிலிருந்து ஒரு படி முன்னே சென்று, 13 வயது நிரம்பியவர்களை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பள்ளிகளில் சேர்த்துத் தலைமையாசிரியரிடம் தொழில் பழக வைத்தது.

சென்னை மாகாணத்தில் 1856இல் வேப்பேரியில் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பின்னர் அது சைதாப்பேட்டைக்கு மாறி ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. இத்தகைய நிறுவனங்கள் கல்வியியலைத் தனித் துறையாக நிலைநாட்டின. எனினும் நாளடைவில் பாடம் கல்லூரியிலும் பழக்கம் பள்ளியிலும் எனப் பயிற்சி இரண்டாகப் பிரிந்தது. ஆசிரியர் கல்வி பல்கலைக்கழகத்திடமிருந்தும் பள்ளிகளிடமிருந்தும் விலகித் தனித்து நிற்கிறது என்று 1964–66 கோத்தாரி ஆணையம் சுட்டிக்காட்டியது.

தோற்றம்

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் 1953இல் தன் அறிக்கையை அளித்தது. ஏட்டுக் கல்வியோடு தொழில்நுட்பம், வேளாண்மை, வணிகம் முதலியவற்றையும் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளை அது பரிந்துரைத்தது. பள்ளிகளைத் திறக்க முடிந்தாலும், இப்பாடங்களை நடத்தத் தேர்ந்த ஆசிரியர்கள் போதுமான அளவில் இல்லை.

இக்குறையைப் போக்க, 1961இல் நிறுவப்பட்ட என்.சி.இ.ஆர்.டி., அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூரு ஆகிய நான்கு இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகளைத் தொடங்கியது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் கல்வியாளர்கள் தொடக்க ஆண்டுகளில் ஆலோசகர்களாக இருந்தனர். பட்டம் முடித்தபின் பி.எட். படிக்கும் வழக்கமான முறைக்கு மாற்றாக, பாட அறிவையும் கற்பிக்கும் திறனையும் முதல் ஆண்டிலிருந்தே இணைத்துத் தரும் நான்காண்டு பி.எஸ்ஸி.எட். படிப்பு இக்கல்லூரிகளில் அறிமுகமானது. 1990களில் இவை மண்டலக் கல்வி நிறுவனங்கள் எனப் பெயர் மாறின.

செயல்விளக்கப் பள்ளி

நிறுவன வளாகத்திலேயே டி.எம்.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் செயல்விளக்கப் பல்நோக்குப் பள்ளி இயங்குகிறது. இது மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. பயிற்சி மாணவர் அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்கவும், புதிய கற்பித்தல் முறைகளையும் துணைக்கருவிகளையும் நேரடி வகுப்பில் சோதித்துப் பார்க்கவும் இப்பள்ளி இடமளிக்கிறது. காலையில் கல்லூரியில் படித்த கருத்து அன்றைக்கே ஒரு குழந்தையின் கேள்விக்கு முன் நிற்கிறதா என்று பார்க்க முடிவதே இந்த ஏற்பாட்டின் பெரும்பயன்.

ஒத்துழைப்புப் பள்ளிகளும் அகப்பயிற்சியும்

வளாகப் பள்ளி ஒன்றை மட்டும் நம்பினால் பயிற்சி குறுகிவிடும். ஆகவே மண்டலக் கல்லூரிகள் வெளிப்பள்ளிகளையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டன. இவை 'ஒத்துழைப்புப் பள்ளிகள்' எனப்பட்டன. பயிற்சி மாணவர் பள்ளியில் நேரடியாகப் பணி பழகும் அகப்பயிற்சிக்கு முன்பே அப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் வழிகாட்டி ஆசிரியர்களையும் கல்லூரிக்கு அழைத்துக் கலந்துபேசி, யார் எதைச் செய்வது என முடிவு செய்யும் நடைமுறை உருவானது. பயிற்சி முடிந்தபின் மீண்டும் கூடி, கண்ட குறைகளைப் பேசினர்.

அகப்பயிற்சி பொதுவாகப் படிப்படியாகவே நடக்கும். முதலில் பயிற்சி மாணவர் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பார். பிறகு ஏடு திருத்துதல், ஆய்வகத்தைத் தயார்செய்தல், மெல்லக் கற்கும் மாணவருக்கு அருகிருந்து உதவுதல் போன்ற துணைப்பணிகளை ஏற்பார். அடுத்துப் பாடக்குறிப்பு எழுதி, வழிகாட்டி ஆசிரியரின் ஒப்புதலுடன் வகுப்பெடுப்பார். அவ்வகுப்பை அந்த ஆசிரியரும் கல்லூரி விரிவுரையாளரும் மதிப்பிடுவர். காலை வழிபாடு, வருகைப்பதிவேடு, தேர்வு, பெற்றோர் கூட்டம், விளையாட்டு விழா ஆகியவற்றிலும் அவருக்குப் பங்குண்டு. ஒரு பாடவேளையை நடத்தக் கற்பதோடு, ஒரு பள்ளி நாளை முழுமையாக நடத்தவும் அவர் பழகுகிறார்.

மைசூரு நகரில் தொடக்கக் கல்விக்கான ஆசிரியர் பயிற்சியை வசந்த மகாலில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் (டயட்) கவனிக்கிறது. 1986 தேசியக் கல்விக் கொள்கையின் வழி நாடெங்கும் உருவான நிறுவனங்களுள் இதுவும் ஒன்று.

விதிமுறைகள்

நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் ஆசிரியர் கல்வியின் தரத்தை ஆராய்ந்து 2012இல் அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) 2014இல் வெளியிட்ட விதிகள் பி.எட். படிப்பை ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீட்டின. பள்ளி சார்ந்த பயிற்சிக்கு முதலாண்டில் 4 வாரம், இரண்டாம் ஆண்டில் 16 வாரம் என மொத்தம் 20 வாரம் ஒதுக்கப்பட்டது. பயிற்சிக்கு இசைவு தெரிவிக்கும் பள்ளிகளின் ஒப்புதலைக் கல்லூரி பெற்றிருக்க வேண்டும். 1,000 மாணவர் வரை படிக்கும் பள்ளிக்கு 10 பேருக்கு மேலும், 2,000 பேர் வரை உள்ள பள்ளிக்கு 20 பேருக்கு மேலும் பயிற்சி மாணவரை அனுப்பக் கூடாது. ஒரே பள்ளியில் பயிற்சியாளர் குவிந்தால் குழந்தைகளின் படிப்பு குலையும் என்பதால் இந்த வரம்பு இன்றியமையாதது.

2030ஆம் ஆண்டுக்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பி.எட். படிப்பே ஆசிரியப் பணிக்கான குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் எனத் தேசியக் கல்விக் கொள்கை 2020 கூறுகிறது. மைசூருவில் 1960களில் தொடங்கிய பாதை இவ்வாறு நாடு தழுவிய கொள்கையாகியுள்ளது.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் இன்று கற்பித்தல் உதவியாளர் பணிக்கெனத் தனித் தொழிற்பழகுநர் திட்டம் உண்டு. அதில் சேர்பவர் பள்ளியின் ஊழியராக ஊதியம் பெற்றுக்கொண்டே படிக்கிறார். தமிழாசிரியர்களையும் உருவாக்கும் சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகம், நான்காண்டுப் பட்டப்படிப்பில் பள்ளி அனுபவம், கற்பித்தல் துணைப்பணி, இரு கட்டக் கற்பித்தல் பயிற்சி என வரிசைப்படுத்தியுள்ளது. இவற்றுள் துணைப்பணிக்கு 5 வாரம் ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் அதே துணைப்பணி அகப்பயிற்சியின் ஒரு கட்டமாக அமைகிறது. அதைச் செய்பவர் மாணவராகவே கருதப்படுகிறார்.

சிக்கல்களும் முக்கியத்துவமும்

கல்லூரியும் பள்ளியும் கொள்ளும் கூட்டுறவின் பலவீனம் பெரும்பாலும் பள்ளியின் பக்கத்தில் வெளிப்படுகிறது. ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளியில் பயிற்சி மாணவர், விடுப்பில் சென்றவரின் வகுப்பை நிரப்பும் ஆளாக மாறிவிடுகிறார். வழிகாட்டி ஆசிரியர் தம் முழுப் பாடவேளைகளையும் எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் வழிகாட்ட வேண்டியுள்ளது. கல்லூரி விரிவுரையாளர் ஓரிரு முறை வந்து மதிப்பெண் இட்டுச் செல்வதோடு நின்றால், பயிற்சி வெறும் பதிவேடாகச் சுருங்கும்.

கூட்டுறவு நன்றாக அமையும் இடத்தில் பயன் இருபுறமும் உண்டு. பள்ளிக்குக் கூடுதல் கைகளும் புதிய துணைக்கருவிகளும் கிடைக்கின்றன. கல்லூரிக்குத் தன் பாடத்திட்டம் வகுப்பறையில் எந்த அளவு செல்லுபடியாகிறது என்பது தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்தங்கும் குழந்தைக்கு அருகில் அமர ஒருவர் வருகிறார். ஆகவே 20 வாரம் என்ற அளவை விதியில் எழுதுவது தொடக்கமே. வழிகாட்டி ஆசிரியரின் பாடவேளையைக் குறைத்து, வழிகாட்டலை அவரது பணியின் பகுதியாகக் கணக்கிட்டு, கல்லூரி மதிப்பீட்டில் அவர் சொல்லுக்கு உரிய இடம் தரும்போதுதான் பள்ளி உண்மையான கூட்டாளியாகும்.