எச்.பி. கேன்சல் ஆச்சா?

நெல்லிக்குப்பத்தில் வண்டி என்றால் முதலில் கரும்பு வண்டிதான். 1840-களில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இங்கே வந்த பிறகு, மாட்டு வண்டிகள் வரிசையாக ஆலை வாசலில் நின்ற ஊர் இது. மாடு வாங்கக் கடன் வேண்டுமென்றால் சொந்தக்காரரிடமோ வட்டிக்காரரிடமோ கைமாற்று. மாதாமாதம் 'டியூ' என்ற பேச்சு டிராக்டரும் லாரியும் வந்த பிறகுதான் எங்கள் வீடுகளுக்குள் நுழைந்தது.

அந்த டியூவுக்குப் பெரிய தாய்வீடு சென்னை. லாரிக்காரரை வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத காலத்தில், 1954-ல் டி.எஸ். சந்தானம் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். மதுரையில் பஸ் ஓட்டிய டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகன் அவர். பழைய லாரி வாங்கும் டிரைவருக்கும் கடன் கிடைக்க, 1979-ல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் வந்தது. சைக்கிள் தயாரித்த முருகப்பா குழுமம் 1978-ல் சோழமண்டலம் என்ற நிதி நிறுவனத்தைத் தொடங்கி, 1981-ல் பாரியையும் வாங்கியது. எங்கள் கரும்பை வாங்கும் ஆலையும், வண்டிக்குக் கடன் தரும் நிறுவனம் ஒன்றும் இன்று ஒரே குழுமம். கரும்புப் பணம் எப்படிச் சுற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஹயர் பர்ச்சேஸில், அதாவது எச்.பி.யில், கடைசி டியூ கட்டும்வரை வண்டி கம்பெனியுடையது. டீசல் போட்டு, டயர் மாற்றி, இன்சூரன்ஸ் கட்டி ஓட்டுகிறவர் சட்டப்படி வாடகைக்காரர். அவரைக் காக்க 1972-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அது ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. 2005-ல் அதையே ரத்து செய்துவிட்டார்கள். வண்டிக்காரர்களுக்கு இழைத்த அநீதி என்றே இதை நான் நினைக்கிறேன். அடியாள் வைத்து வண்டியைப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2007 ஆகிவிட்டது.

வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தை அப்பாவின் முகத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். கரும்புப் பணம் தள்ளிப்போகும், டியூ தள்ளிப்போகாது. ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வர நாளாகும் மாதங்களில், எச்.பி.யில் எடுத்த டிராக்டரை ரோட்டோரம் நிறுத்தாமல் தோப்புக்குள் கொண்டுபோய் விடுவார். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்த மாமாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்கூட்டர் கடனைச் சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்கள். வட்டியைவிட, மாதச் சம்பளம் தரும் அந்த நிம்மதியைத்தான் அப்பா பெருமூச்சோடு பேசுவார்.

கடைசி டியூவோடு கதை முடிவதில்லை. கம்பெனி என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று தர வேண்டும். படிவம் 35-ல் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்தால்தான் ஆர்.சி. புத்தகத்திலிருந்து ஃபைனான்ஸ் பெயர் நீங்கும். அப்பா அதை முடித்துவிட்டு வந்தபின் டிராக்டர் எங்கள் வாசலிலேயே நின்றது. டியூவுக்குப் போன பணத்தில் கிணற்று மோட்டாரை மாற்றினார். புது டிராக்டர் எடுக்கச் சொல்லி வந்த ஏஜென்ட்டை உட்காரவைத்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த பருவங்களில் ஆலைப் பணம் எத்தனை நாள் இழுத்தாலும் வீட்டில் சண்டை வந்ததில்லை.

இன்றும் இங்கே பழைய வண்டி பார்க்கப் போகிறவர் இஞ்சின் சத்தத்தைக் கேட்கும் முன்பே கேட்பது "எச்.பி. கேன்சல் ஆச்சா?" என்பதுதான். இல்லையென்றால் விலை பேசவே உட்கார மாட்டார்.